அத்தான் பார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்கவேண்டும் என்று நினைப்பவர்களின் தொகை எனக்குத் தெரியும். என் வீட்டில் ஒரு ஆள், மைத்துனன் வீட்டில் ஐந்து பேர், மிச்சம் திரியாயிலிருந்து ஈச்சிலம்பற்று வரை கடற்கரையில் குடியிருக்கும் ஏறக்குறைய எல்லோரும். (ஏறக்குறைய என்பது நான் விரும்பிப் பாவிக்கும் சொல் அல்ல. ஆனால் ஒரு கரையோரம் முழுவதையும் நடந்து எண்ண என் முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை.)

எண்ணுவது என் தொழில். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதற்காகவே எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. கோயிலுக்குப் போனால் விளக்குகளை எண்ணுவேன். செத்தவீட்டுக்குப் போனால் கதிரைகளை எண்ணுவேன். மனிதர்களின் கதையில் பொய் இருக்கலாம், எண்ணில் பொய் இராது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு புயல் நாளில் என்னைக் கைவிட்டது. அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. அனுபவம் போதாது. இளரத்தம்.

புயல் வருகிறது என்று வானொலி சொன்னதும், கடலுக்கு அருகில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, நானும் என் மனைவி புஷ்பமும் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மண்டபத்தில் சனம்; மூலை வகுப்பறையில் இராணுவம். அதாவது முழு இராணுவம் இல்லை, தொண்டர் படையின் ஒரு சமிக்ஞைப் பிரிவு. இவர்கள் மற்ற நாட்களில் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் வேலை செய்பவர்கள். போர் வந்தாலோ வெள்ளம் வந்தாலோ அழைப்பு வரும். சீருடையைப் போட்டுக்கொண்டு, வானொலிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு, அறுந்துபோன இடங்களுக்கு இடையே செய்தியைக் கொண்டுபோக வருவார்கள். காலையிலேயே காற்று கைத்தொலைபேசிக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டபடியால், அன்றைக்கு மாவட்டத்தின் வாயும் காதும் அந்த மூலை வகுப்பறைதான்.

எங்கள் ஊரில் என் வயதுக்காரன் சீருடையைக் கண்டால் அவனுடைய கை தானாகவே சட்டைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடும். என் கையும் தேடியது. அட்டை இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே அவர்கள் முற்றத்தில் நட்டிருந்த அன்டெனாக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். நிலத்தில் அடித்திருந்த முளைகள் நான்கு. இழுத்துக் கட்டிய கயிறுகள் மூன்று.

"தம்பி, ஒரு கயிறு குறையுது" என்றேன், பக்கத்தில் நின்ற சார்ஜன்டிடம்.

அவர் பெயர் பண்டார. மற்ற நாட்களில் கந்தளாயில் கணித ஆசிரியர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் முளைகளை எண்ணினார். கயிறுகளை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், நல்ல மாணவனைக் கண்ட ஆசிரியரின் மகிழ்ச்சி இருந்தது. (புஷ்பம் இதை மறுக்கிறாள். "விசரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தவர்" என்பது அவளுடைய கட்சி.)

"ஐயா, உங்களுக்கு நல்லா தமிழ் கதைக்க ஏலுமா?" என்று கேட்டார் சார்ஜன்ட்.

"எழுபத்திரண்டு வருஷமா ஏலும்."

"அப்ப வாங்க. எங்கட ஆளுங்க ஏழு பேர். நல்லா தமிழ் தெரிஞ்சது நசீர் மட்டும் தான். அவனுக்கு மெஷினைப் பாக்கவே நேரம் பத்தாது."

நசீர் கிண்ணியாக்காரன். மற்ற நாட்களில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன். சீருடையில் கோப்ரல். ஒரு கையில் வயர், ஒரு கையில் பிளேன்டீ. "வாங்க ஐயா, கதிரை இருக்கு" என்றான். மேசையில் ஒலிவாங்கி ஒன்று, ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று, சிவப்புச் சுவிட்ச் ஒன்று.

அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சாம்பல்தீவு, திரியாய், கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று என்று ஐந்து இடங்களில் இந்தப் பிரிவின் ஆட்கள் வானொலியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அங்கங்கேயுள்ள கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளைத் தங்கள் கருவியோடு பொருத்தியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கோயிலும் அதே ஏற்பாடுதான். சுவிட்ச் கீழே இருந்தால் நாங்கள் பேசுவது வானொலிக்காரருக்கு மட்டும் கேட்கும். மேலே தட்டினால், எங்கள் குரலும் எங்களுக்கு வரும் குரலும் மாவட்டத்தின் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒலிக்கும்.

"யுத்தம் காலத்தில எங்கட வேலை, வேற ஆளுக்கு விளங்காம கதைக்கிறது" என்றார் சார்ஜன்ட் பண்டார, சுவிட்சைக் காட்டி. "புயல் காலத்தில எல்லாருக்கும் விளங்கக் கதைக்கிறது. ரெண்டாவது தான் கஷ்டம், ஐயா."

எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. அவர்கள் மூன்று விதி சொல்லித் தந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது. பேசி முடிந்ததும் 'ஓவர்' சொல்லவேண்டும். தேவையில்லாத கதை கதைக்கக்கூடாது. முதல் இரண்டு விதிகளையும் நான் அன்று முழுவதும் ஒரு தடவைகூட மீறவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்கிறேன்.

எனக்குத் தந்த வேலை வள்ளங்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தும் பதினொரு வள்ளங்கள் விடியப் புறப்பட்டிருந்தன. (புயலுக்கு முன் மீன் கரைக்கு ஒதுங்கும் என்று ஒரு கதை உண்டு. அதை நம்பிப் போனவர்கள்.) எல்லா வள்ளங்களிலும் சின்ன வானொலி உண்டு; நிற்கும் இடத்தை எண்களாகக் காட்டும் ஜீபீஎஸ் கருவியும் உண்டு. ஒவ்வொரு வள்ளமாகக் கூப்பிட்டு, எண்களைக் கேட்டு, கடல் வரைபடத்தில் ஊசி குத்தவேண்டும். எண்களைக் கேட்டு எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. பதினொன்றில் ஒரு வள்ளம் என் மைத்துனன் சிவராசாவுடையது. புஷ்பத்தின் தம்பி. அவன் தன் வள்ளத்துக்குத் தாயின் பெயரை, அதாவது என் மாமியாரின் பெயரை வைத்திருந்தான். அந்த மனிசி உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளாவது நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அல்ல. அன்றைக்குக் கரையோரத்து வள்ளமெல்லாம் கேட்க, "அன்னலட்சுமி, அன்னலட்சுமி, நீ எங்கே நிற்கிறாய், ஓவர்" என்று கத்தவேண்டியிருந்தது. முதல் தடவை நாக்குப் புரளவில்லை. பிறகு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

பதினொரு வள்ளங்களும் எண் சொல்லின. பதினொரு ஊசியும் குத்தினேன். எழுந்து நின்று பார்த்தேன்.

மூன்று வள்ளங்கள் கடலில் இருந்தன. நான்கு வள்ளங்கள் ஒரே புள்ளியில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஊசி குத்த இடமில்லாமல் நின்றன. ஒரு வள்ளம் எங்கள் ஊர்க் கோயில் நிற்கும் சுவாமிமலையின் உச்சியில் ஏறியிருந்தது. இரண்டு வள்ளங்கள் ஊருக்குள்ளே, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்றன. அன்னலட்சுமி மட்டும் துறைமுக வாய்க்கு நேர் கிழக்கே தனியாக.

சார்ஜன்ட் பண்டார குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, இந்த ரெண்டு வள்ளம் வெந்நீர்க் கிணறு பக்கம் என்ன செய்யிறது?"

"குளிச்சிட்டு வருவானுகள் சேர்" என்றான் நசீர், வயருக்குள் தலையை வைத்தபடி.

நான் எண்களை மறுபடி சரிபார்த்தேன். என் எழுத்தில் பிழையில்லை. குத்திய இடத்தில் பிழையில்லை. அப்படியென்றால் எண்களே பொய். அறுபத்தைந்து கிலோ மனிதன் நான், அந்தக் கதிரையில் ஒரு கோணிச்சாக்குப் போலச் சரிந்தேன்.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்கவேண்டும். மீன்பிடிக்காரரின் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். சிவராசா வாரம் தவறாமல் எங்கள் குசினியில் மீனை வைத்துவிட்டுப் போவான். "எங்கை பிடிச்சனீ, தம்பி?" என்று புஷ்பம் கேட்டால், "கடலில, அக்கா" என்பான். கூடப்பிறந்த அக்காவுக்கே அவ்வளவுதான். வானொலியில் ஒருவன் பேசினால் கரையோரத்து வள்ளம் எல்லாவற்றுக்கும் கேட்கும். நிற்கும் இடத்தை உண்மையாகச் சொன்னால் நாளைக்கு அங்கே இருபது வள்ளம் நிற்கும். அதனால் அவர்கள் வாயில் வந்த எண்ணைச் சொல்வார்கள். ஒருவன் சொன்னதையே அடுத்தவனும் சொல்வான். போர் நடந்த காலத்தில், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்லிப் பழகாத கரை இது. போர் முடிந்த பிறகு அந்தப் பழக்கம் மீனுக்காக மட்டும் மிஞ்சிவிட்டது.

சார்ஜன்டுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப எல்லாரையும் கரைக்குக் கூப்பிடுங்க. வந்து சேர, எண்ணுங்க."

அதுதான் நல்ல யோசனை. சிவப்புச் சுவிட்சை மேலே தட்டி, மாவட்டம் முழுவதும் கேட்க அறிவித்தேன்: எல்லா வள்ளங்களும் உடனே கரைக்கு வரவேண்டும், வீட்டுக்காரர்கள் கரையில் நின்று பார்க்கவேண்டும். கரைகளிலிருந்து பதில் வரத் தொடங்கியது. சாம்பல்தீவில் நான்கு. கிண்ணியாவில் மூன்று. மூதூரில் இரண்டு. ஈச்சிலம்பற்றில் ஒன்று. நான் வரைபடத்திலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வெந்நீர்க் கிணற்றடியும் சுவாமிமலையும் காலியாகின.

பத்து ஊசி போனது. ஒன்று மிஞ்சியது. பதினொரு மூட்டையில் ஒன்று குறைந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. இது மூட்டை அல்ல.

"அன்னலட்சுமி, ஏன் இன்னும் வரேல்லை? ஓவர்."

"எஞ்சின் சின்னப் பிரச்சினை, அத்தான்" என்றது சிவராசாவின் குரல். இரைச்சலுக்குள் அவனுடைய குரல் வழக்கம் போல அலட்சியமாகவே இருந்தது. "நங்கூரம் போட்டு நிக்கிறம். இப்ப ஸ்டாட் வந்திடும். நீங்கள் கவலைப்படாமல் பிளேன்டீயைக் குடியுங்கோ. ஓவர்."

"எந்த இடத்தில நிக்கிறாய்? ஓவர்."

அவன் அதே எண்களைச் சொன்னான். துறைமுக வாய்க்கு நேர் கிழக்கே.

நான் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன். கடல் வரைபடத்தில் ஆழத்தையும் எண்ணாகப் போட்டிருப்பார்கள். எங்கள் துறைமுக வாசலில் கடல் கிணறுபோல இறங்கும். அந்த இடத்தில் போட்டிருந்த எண்ணை வாசிக்கவே தலை சுற்றியது. சிவராசாவின் நங்கூரக் கயிறு நாற்பது பாகம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் வாங்கும்போது கடையில் பக்கத்தில் நின்று, கையை விரித்து விரித்து அளந்து, கடைக்காரனோடு சண்டை பிடித்தவன் நான். நாற்பது பாகக் கயிற்றால் அந்த இடத்தில் நங்கூரம் போடமுடியாது. நங்கூரம் போட்டு நிற்கிறான் என்றால் அவன் அங்கே இல்லை.

சார்ஜன்ட் வந்து சொன்னார்: கடற்படையின் மீட்புப் படகு ஒன்று ஆயத்தமாக நிற்கிறது. காற்று முழுமையாக ஏறுவதற்கு முன் ஒரேயொரு தடவை வெளியே போய்வரலாம். வடக்கே போனால் பிறகு தெற்கே போக ஏலாது. சரியான இடம் வேண்டும்.

நான் அதைச் சிவராசாவுக்குச் சொன்னேன். "நேவிப் படகு ஒருக்காத்தான் வரும். சரியான நம்பரைச் சொல்லு. ஓவர்."

"நேவி ஒண்டும் தேவையில்லை. நான் என்ர பாட்டில வந்திடுவன். ஓவர்."

"சிவராசா, உன்னோட ரெண்டு பேர் நிக்கினம். ஓவர்."

"எஞ்சின் வந்திடும் எண்டு சொல்லிட்டன். ஓவர்."

திரும்பினேன். வாசலில் புஷ்பம் நின்றாள். குடை உள்ளேயும் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"இஞ்சேருங்கோ. தம்பி எங்கை?"

"கடலில" என்றேன்.

அவள் ஒரு மாணவக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவன் வராட்டி நீங்களும் வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை" என்றாள். வீட்டுக்குள் ஏற்கனவே முழங்கால் அளவு தண்ணீர், யாருமே போகமுடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளுடைய கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு மூடிக்கொண்டேன்.

இனி நடந்ததுதான் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் பகுதி. அவர்கள் சொல்வதில் மிகைப்படுத்தல் உண்டு. நான் உள்ளபடி எழுதுகிறேன்.

நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"சிவராசா, நீ மீன்பிடிக்காரன் எண்டு ஊருக்குச் சொல்லுறாய். எனக்குத் தெரியும் உன்ர கதை. ஓவர்."

"என்ன கதை அத்தான்? ஓவர்."

"உனக்கு ஒரு இடமும் தெரியாது. சும்மா கரையில வள்ளத்தைக் கட்டிப்போட்டுப் படுத்திருக்கிறாய். ஓவர்."

"அத்தான், என்ர வள்ளத்தில நீங்கள் ஒருக்காத்தான் ஏறினனீங்கள். துறைமுகம் தாண்ட முன்னம் சத்தி எடுத்து, சத்தி எடுத்ததையும் எத்தினை தரம் எண்டு எண்ணினனீங்கள். நீங்கள் கடலைப் பற்றிக் கதைக்கிறியளோ? ஓவர்."

"ஏழு தரம். நான் மறைக்கேல்லை. ஓவர்."

"உங்கட கலியாண வீட்டில பந்தியில போன வடையை எண்ணின ஆள் நீங்கள்! மாப்பிள்ளைக் கோலத்தோட! எங்கட அம்மா அண்டைக்கே சொன்னவ, இந்த மனிசனுக்குப் பிள்ளையைக் குடுத்தது பிழை எண்டு. ஓவர்."

(இது எனக்குப் புதிய தகவல். புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.)

"வடையில நூற்றிப்பத்துக் குறைஞ்சது! அதை உங்கட ஆக்கள்தான் சாக்கில கட்டினவை! ஓவர்!"

"நாற்பது! நாற்பது வடைக்கு நாற்பது வருஷமாக் கதைக்கிறியள்! ஓவர்!"

எங்கோ வெளியே யாரோ என் குரலில் கத்துவது போல ஒரு எதிரொலி கேட்டது. காற்றென்று நினைத்தேன். நசீர் கையை ஆட்டி ஏதோ காட்டினான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது என்பது முதலாவது விதி. ஆகவே நான் அவனைக் கவனிக்கவில்லை. எனக்குள்ளே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"நீ அக்காவுக்குக் கொண்டுவாற மீன் எல்லாம் சந்தையில வாங்கினது! எனக்குத் தெரியும்! உன்ர கையால பிடிச்ச மீன் ஒண்டுகூட என்ர குசினிக்கு வரேல்லை! ஓவர்!"



"சந்தையிலயோ?" என்றான் சிவராசா. அவன் ஓவர் சொல்ல மறந்துவிட்டான். இன்றுவரை அவனுக்கு எதிராக நான் வைத்திருக்கும் ஒரே குற்றச்சாட்டு அதுதான். "நானோ? சந்தையிலயோ மீன் வாங்கிறனான்? என்ர அப்பு கண்டுபிடிச்ச பாரில நிண்டு பிடிச்சுக் கொண்டுவாறன்! இப்பவும் அதில்தான் நிக்கிறன்! திரியாய்க்கு நேர வெளியால! இந்தக் கரையில வேற ஒருத்தனுக்கும் தெரியாத பார்! நம்பர் வேணுமோ? எழுதுங்கோ! எழுதிப்போட்டுச் சந்தையில போய்க் கேளுங்கோ!"

அவன் எண்களைச் சொன்னான். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, அழுத்தி, இரண்டு தடவை. நான் எழுதினேன். சார்ஜன்ட் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே ஊசியைக் குத்தினார். கடலில்தான் குத்தியது. பக்கத்தில் போட்டிருந்த ஆழம் நாற்பது பாகத்துக்கு உள்ளே. அவர் சிங்களத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார். மீட்புப் படகு வடக்கே புறப்பட்டது.

(பார் என்பதைத் தெரியாதவர்களுக்காக: கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. சாராயம் விற்கும் பார் அல்ல. அதற்கு இவ்வளவு இரகசியம் தேவையில்லை.)

ஒலிவாங்கியைக் கீழே வைத்தேன். நசீர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சுவிட்ச் மேலே இருந்தது.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"வள்ளங்களைக் கரைக்குக் கூப்பிட்டீங்களே, அப்ப இருந்து ஐயா" என்றான். "முழுக்கப் போயிட்டு. வடையெல்லாம் போயிட்டு."

பக்கத்து மண்டபத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் (சாப்பாட்டுப் பார்சல் கணக்கு) மூச்சுவிடாமல் அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கும் மௌனம் அது. மேலே தட்டினால் தானாகக் கீழே இறங்காத சுவிட்சைச் செய்து வைத்தது யாருடைய பிழை? நான் கேட்கிறேன். இன்றைக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

பிறகு காத்திருந்தோம். அந்தப் பகுதியை யாரும் சொல்லிச் சிரிப்பதில்லை. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது. அன்டெனாக் கம்பம் நான்கு கயிற்றிலும் முறுகி நின்றது. (நான்காவதைக் கட்டச் சொன்னவன் யார் என்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.) நான் அன்னலட்சுமியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கடைசியாக அவனோடு பேசியது சந்தை மீனைப் பற்றி என்ற எண்ணம் வந்தது. எண்ணுவதற்கு அறைக்குள் எவ்வளவோ இருந்தன, கதிரை, கண்ணாடிச் சட்டம், கூரை மரம். எதையும் எண்ணமுடியவில்லை. புஷ்பம் எழுந்து வந்து என் பக்கத்தில் கதிரையைப் போட்டாள். கையை என் கையின் மேல் வைக்கவில்லை. ஆனால் மேசையில், பக்கத்தில் வைத்தாள்.

வானொலி கரகரத்தது. சார்ஜன்ட் பண்டார காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து விரல்களைக் காட்டினார். மூன்று. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானே அவருடைய விரல்களை எண்ணினேன். மூன்றுதான்.

அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தபோது மண்டபத்தில் இருந்த சனம் எழுந்து கைதட்டியது. சிவராசா யாரோ தந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு, சனத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றான். ஒரு வயதான மனிசி அவனுடைய கன்னத்தைத் தடவி, "நாற்பது வடைதான் மோனை, நான் உன்ர பக்கம்" என்றாள். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புஷ்பம் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவன் அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான்.

"அத்தான், அந்த நம்பரும் போனதோ?"

"போனது."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும்."

நசீர் தன் ஊர் வழக்கப்படி அவனை அண்ணன் முறையில் விளித்து, இரக்கத்தோடு சொன்னான்: "காக்கா, கவலப்படாதீங்க. எல்லாரும் எழுதியிருக்க மாட்டானுகள். பேனை இல்லாத வீடும் இருக்கும்."

இல்லை. அந்த வாரமே, கடல் அடங்கியதும், அந்தப் பாரில் பதினேழு வள்ளங்கள் நின்றன. அந்த எண்களை நான் இங்கே எழுதமாட்டேன். மிஞ்சிய ஓரிருவருக்காவது தெரியாமல் இருக்கட்டும்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். நான் கோபத்தில் வாய் தவறினேன், அதிர்ஷ்டத்தால் அவன் பிழைத்தான் என்பது என் குடும்பத்தின் தீர்ப்பு. நான் சொல்வது: அது தந்திரம். மீன்பிடிக்காரன் உயிருக்காகக்கூட இடத்தைச் சொல்லமாட்டான், மானத்துக்காகச் சொல்லுவான் என்று கணக்குப் போட்டே பேசினேன். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டதும் நல்லதுக்குத்தான். மீன்பிடிக்காரன் ஒருவன் உண்மையான எண்ணைச் சொல்லி இந்தக் கரை கேட்டது அதுதான் முதல் தடவை. "அப்ப வடைக் கதையும் தந்திரமோ?" என்று புஷ்பம் கேட்கிறாள். நூற்றிப்பத்து என்பது நூற்றிப்பத்துத்தான்.

சிவராசா எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மீனும் வரவில்லை. ஆனால் மற்ற எல்லோரும் கதைத்தார்கள். அந்தப் பாருக்கு இப்போது கிண்ணியாவிலும் மூதூரிலும் சாம்பல்தீவிலும் ஒரே பெயர்தான்: அத்தான் பார். சந்தைக்குப் போனால், முன்பின் தெரியாத வியாபாரி, "வாங்க அத்தான், உங்கட பாரு மீன்தான், கழிச்சுத் தாரன்" என்கிறான். பஸ் கண்டக்டர், "அத்தான், மிச்சக் காசை எண்ணிப் பாருங்கோ" என்கிறான். இந்த உலகத்தில் ஒரேயொருவனுக்கு மட்டும் இருந்த உரிமை அது. அவன் ஒருவன்தான் அந்த நாட்களில் என்னை அப்படிக் கூப்பிடவில்லை.

தொண்டர் படைக்காரரும் என்னை மறக்கவில்லை. அடுத்த வெள்ளத்துக்கு அவர்கள் மறுபடி வந்தபோது, என்னைக் கதிரையில் உட்காரவைக்கவில்லை. நான் போய் வாசலில் நின்றும் பயனில்லை. "ஐயா, உங்களை நாங்கள் ரிசேவில் வச்சிருக்கிறம்" என்றார் சார்ஜன்ட் பண்டார, மிகவும் மரியாதையாக. பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது. வள்ளங்கள் வழக்கம்போல வாயில் வந்த எண்களைச் சொல்லும்போது நசீர் ஒலிவாங்கியில் ஒரே வசனம்தான் சொல்கிறானாம்: "சரியான நம்பரைச் சொல்லுறீங்களா, இல்ல அத்தானை லைனில எடுக்கிறதா? ஓவர்." உடனே உண்மை வருகிறதாம். வெந்நீர்க் கிணற்றடிக்கு இப்போது வள்ளம் போவதில்லை. போர்க்காலமோ புயல்காலமோ, சேமத்தில் வைத்திருக்கும் படையின் வேலை களத்தில் இறங்குவதல்ல, இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான். அந்த வேலையை நான் என் வீட்டுக் கதிரையில் இருந்தபடி, சம்பளமில்லாமல், சரியாகச் செய்துவருகிறேன்.

போன மாதம் ஒரு காலை, குசினிப் பக்கம் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவராசா. கையில் கலவாய் மீன், கோவையாக. எட்டு. எல்லாம் ஒரே பருமன், கண் இன்னும் பளபளப்பு, செவுள் இரத்தச் சிவப்பு. இப்படி மீன் அத்தான் பாரில் இப்போது இல்லை. பதினேழு வள்ளமும் சேர்ந்து வழித்துத் துடைத்தாயிற்று. இது வேறெங்கோ, வேறொருவரும் அறியாத ஒரு இடத்து மீன்.

புஷ்பத்துக்கும் அது விளங்கியது. மீன் கோவையைக் கையில் வாங்கிக்கொண்டே, "எங்கை பிடிச்சனீ, தம்பி?" என்றாள்.

சிவராசா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"சந்தையில வாங்கினனான், அக்கா" என்றான். பிறகு சைக்கிளைத் திருப்பினான். "போட்டு வாறன், அத்தான்."